வீட்டு மொழி: தமிழ், கட்டணம்: 3,600 வெள்ளி

பெருமதிப்புக்குரிய பன்னாட்டுப் பள்ளி நிர்வாகத்தாரின் சமூகத்துக்கு,

உங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனின் தகப்பன், சிங்கப்பூரிலிருந்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். நீங்களும், நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் புதிய விளையாட்டுக் கூடமும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2023இல் சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போது, ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதிவிட்டேன். இரவு மணி பதினொன்றரை. பதினான்கு பக்கப் படிவம். அந்த நேரத்தில் பொய் யோசிக்கிற தெம்பு யாருக்கு இருக்கும்? தவிரவும் அது உண்மை. எங்கள் வீட்டில் சண்டை தமிழில், சமாதானம் தமிழில், பையன் தூக்கத்தில் உளறுவதும் தமிழில்தான்.

மறுவாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் மொழிப் பின்னணி பள்ளிச் சமுதாயத்துக்கே வளம் சேர்க்கும் என்று முதல் பத்தியில் மகிழ்ந்திருந்தீர்கள். ஆகவே பையனின் ஆங்கிலத்தைச் சோதிக்க வேண்டும் என்றது இரண்டாம் பத்தி. மூன்றாம் பத்தியில் அதற்கான கட்டணம் இருந்தது.

சோதனைக்கு நானே கூட்டிக்கொண்டு வந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை அன்பானவர், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு படத்தைக் காட்டினார். ஊரெல்லாம் பனி கொட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். அவர்கள் கையில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார். பையன் ‘கிளவ்ஸ்’ என்றான். சரியான விடை ‘மிட்டன்ஸ்’. விரல் விரலாகப் பிரியாமல் மொத்தமாக ஒரு பை மாதிரி இருந்தால் அதற்குப் பெயர் வேறாம். நாற்பது வயதில் எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் குடியிருக்கும் இந்தத் தீவு நிலநடுக்கோட்டுக்கு 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இங்கே பனியைப் பார்க்கவேண்டுமென்றால் ஃபிரிட்ஜின் மேல்தட்டைத்தான் திறக்கவேண்டும். எங்கள் வீட்டில் அதற்குள் தேங்காய்த் துருவல் இருக்கும்.

தீர்ப்பு வந்தது: அன்றாடச் சொல்வளம் போதாது. ‘கூடுதல் மொழியாக ஆங்கிலம்’ என்ற தனி வகுப்பில் சேர்த்தாக வேண்டும். ஆண்டுக்கு 3,600 வெள்ளி, பொருள் சேவை வரி நீங்கலாக. அந்த வரி நான் கட்டத் தொடங்கியபோது 8 விழுக்காடு, 2024 பிறந்ததும் 9 விழுக்காடு. என் தமிழுக்கு நான் தரும் விலையாவது ஒழுங்காக வளர்ந்தது.

அலுவலக நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். கோயம்புத்தூர்க்காரர், அவர் மகளும் உங்களிடம்தான் படிக்கிறாள். ‘ஏனுங்க, இதையெல்லாம் யாராவது உள்ளபடி எழுதுவாங்களா? நாங்க இங்கிலீஷ்னு போட்டுட்டோம்’ என்றார். அவர் வீட்டில் கொங்குத் தமிழைத் தவிர வேறொன்று என் காதில் விழுந்ததில்லை. ஆனால் அவர் மகளுக்குச் சோதனை இல்லை, தனி வகுப்பு இல்லை, பனிப்படம் இல்லை. ஐயா, உங்கள் படிவம் சோதித்தது பிள்ளையின் ஆங்கிலத்தை அல்ல, அப்பனின் சாமர்த்தியத்தை. அதில் நான் தேறவில்லை.

இந்தப் பையனுக்குத் தமிழ் பேச வரும். ஆங்கிலத்தில் டைனோசர் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவான். கீழ்வீட்டுப் பாட்டியிடம் மாண்டரினில் நலம் விசாரிப்பான், அவரும் பதிலுக்கு ஆரஞ்சுப்பழம் கொடுப்பார். அவனுக்கு மொழிக்குறை தீர்க்க நீங்கள் அமர்த்திய நிபுணருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

அடுத்து, பெயர். எங்கள் குடும்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளைக்கு ஒரு பெயர், அதன் முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் கட்டம் காலியாகக் கிடந்தால் வெளிநாட்டில் வம்பு என்று அப்பா பெயரை அங்கே நிரப்பிவிடுகிறோம். அதன்படி என் மகனின் குடும்பப் பெயர் நான். என் குடும்பப் பெயர் என் அப்பா. என் மனைவியின் குடும்பப் பெயர் என் மாமனார். மூன்று பேர், மூன்று குடும்பம். இதைப் பார்த்துக் கலங்கிப்போன உங்கள் அலுவலகப் பெண்மணி, துக்க வீட்டில் பேசுகிற குரலில், ‘பையனின் சட்டபூர்வக் காப்பாளர் யார்?’ என்று கேட்டார். கல்யாணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் கொண்டுவந்து, என் மகனுக்கு நான்தான் அப்பா என்று நிரூபித்தேன். இத்தனைக்கும் இதே ஊரின் அடையாள அட்டைகளில், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தமிழர் பெயருக்கு நடுவே போடும் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ சுருக்கங்கள் தலைமுறை தலைமுறையாகப் புழக்கத்தில் இருக்கின்றன. பள்ளி வாசலிலிருந்து பேருந்தில் பத்து நிமிடம் போனால் எந்த அரசாங்க அலுவலகத்திலும் இதை விளக்கியிருப்பார்கள்.

பையனின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதற்காக உங்கள் ஆசிரியர்களைக் கோபித்துக்கொள்ளமாட்டேன். அந்த எழுத்தோடு தமிழர்களுக்கே தகராறு. ஆனால் அவர்கள் அந்தச் சிரமத்தையே எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலில் குடும்பப் பெயர் முதலில் வருவதால், அது சொல்ல எளிது என்று, இரண்டு வருஷமாக அவனை என் பெயரால் கூப்பிடுகிறார்கள். நான் படித்த திருச்சி நகராட்சிப் பள்ளியில் ஒருவனை அவன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது அடிதடிக்கு அழைப்பு. உங்கள் பள்ளியில் அது வருகைப்பதிவு.

உங்கள் வரவேற்பறையில் பத்து நற்குணங்களை வண்ண எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். சர்வதேச பட்டயப் படிப்பு அமைப்பு வகுத்த பத்துக் குணங்கள். திறந்த மனம், பரிவு, சமநிலை என்று போகும் அந்த வரிசையில், ‘துணிந்து இறங்குபவர்’ என்பதும் ஒன்று. அது மாணவனுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தை இங்கே கூட்டிவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாவது இருக்கவேண்டும் என்கிறது மனிதவள அமைச்சு. உங்கள் ஆண்டுக் கட்டணம் 34,000 வெள்ளி. அந்தக் கணக்கில் ஐந்தரை மாதத்துக்கு மேல் சோறு தண்ணீர் இல்லாமல் உழைக்கவேண்டும். வெளிநாட்டு உத்தியோகம் என்றால் கம்பெனியே பள்ளிக்கூடக் கட்டணம் கட்டும் என்று ஊரில் இன்னமும் நம்புகிறார்கள். அது என் மேலதிகாரியின் மேலதிகாரி காலத்துக் கதை. துணிந்து இறங்கியவன் யார் என்று இப்போது தெரிகிறது.

‘அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே?’ என்று கேட்பீர்கள். கேட்டவர்கள் பலர். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கென ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு உண்டு. தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் இடம். என் ஒப்பந்தம் அப்போது இரண்டு வருஷத்துக்கு, காத்திருக்க நேரமில்லை. உங்களிடம் வந்தோம். சேர்ந்த பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ள ஏழு வேலைநாள் அவகாசம் ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த ஏழு நாளும் பள்ளியில் எங்களுக்குப் பழச்சாறு கொடுத்தீர்கள்.

கொஞ்சம் பழைய கதை பேசலாமா? 1924இல் ஜெனீவாவில் ஒரு பன்னாட்டுப் பள்ளி தொடங்கினார்கள். முதல் உலகப்போர் முடிந்து உருவான சர்வதேச சங்கத்திலும் தொழிலாளர் நிறுவனத்திலும் வேலைக்கு வந்த அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக. பல தேசத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கவேண்டும், நாளைக்குத் தத்தம் ஊருக்குத் திரும்பினாலும் அங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது யோசனை. அதே ஜெனீவாவில் 1968இல்தான் உங்கள் பட்டயப் படிப்பு அமைப்பும் பிறந்தது. ஊர் திரும்புகிற பிள்ளை என்பது அந்தக் கணக்கில் முக்கியமானது. என் மகன் நாளைக்குத் திருச்சிக்குத் திரும்பினால் பேருந்தின் முகப்பில் ‘சத்திரம்’ என்று எழுதியிருப்பதைப் படிக்க முடியாது. பனிக்கையுறைக்குச் சரியான பெயர் சொல்வான்.

உங்கள் ‘உலக மொழிகள்’ பட்டியலில் மாண்டரின், பிரெஞ்சு, ஸ்பானிஷ் இருக்கின்றன. தமிழ் உண்டா என்று கேட்டேன். இந்தியக் குடும்பங்களுக்காக, பள்ளி நேரம் முடிந்தபின், தனிக் கட்டணத்தில் இந்தி ஏற்பாடு செய்திருப்பதாகப் பெருமையோடு சொன்னீர்கள். தமிழுக்கு இங்கே தேவை இல்லையாம். இங்கே என்பது எந்த ‘இங்கே’? இந்த நாட்டின் அரசமைப்புச் சட்டம் 153ஏ பிரிவில் மலாய், மாண்டரின், ஆங்கிலம், தமிழ் என்று நான்கையும் ஆட்சிமொழி என்கிறது. கேன்டீனில் நீங்கள் வாங்கிப்போடும் சில்லறைக் காசைத் திருப்பிப் பாருங்கள், ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருக்கும். 1935இலிருந்து தமிழ் முரசு பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் தமிழுக்கு விழா எடுக்கிறார்கள். எங்கள் மேல்மாடிச் சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் படிக்கிறான். அவனுடைய இறுதித் தேர்வில் நான்கு பாடங்களில் தமிழும் ஒன்று. என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவன்தான் முரசை எடுத்துவந்து வாசித்துக் காட்டினான். என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். அரசாங்கம் கொடுத்த இடத்தை உங்கள் கால அட்டவணை கொடுக்கவில்லை.

தமிழே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். உங்கள் வளாகத்தில் ஒரே ஓர் இடத்தில் தமிழ் இருக்கிறது. புதிய விளையாட்டுக் கூடத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் தகரத் தடுப்பில், நான்கு மொழி எச்சரிக்கைப் பலகையில், சிவப்பு எழுத்தில்: ‘அபாயம்’. வசதிக் கட்டணம் என்ற பெயரில் நாங்கள் கொடுக்கும் பணத்தில் எழும் கூடம். வெயிலில் அதைக் கட்டுகிறவர்களில் சிலர் புதுக்கோட்டைக்காரர்கள், சிலர் அறந்தாங்கிப் பக்கம். மதியம் தடுப்போரம் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பேசினேன். அந்த எழுத்து அவர்களுக்காக எழுதியது. சுவருக்கு உள்ளே படிக்கிறவனுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. ‘அது என்னப்பா?’ என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். உங்கள் பள்ளியில் அவன் கற்ற முதல் தமிழ்ச்சொல் அது.

இல்லை, இரண்டாவது. முதலாவது ‘வணக்கம்’. பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று மேடையேற்றினீர்கள். 1952இல் அந்தத் தேதியில் டாக்காவில் வங்க மொழிக்காக ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டது. அந்தச் சாவுகளின் நினைவாகத்தான் 1999இல் யுனெஸ்கோ அந்த நாளை அறிவித்தது. நீங்கள் கப்கேக் கொடுத்தீர்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு மொழியில் வணக்கம் சொன்னார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் பையனை நேரே தனி ஆங்கில வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். அது இசை வகுப்பு நேரத்தில் நடக்கிறது, ஆகவே இரண்டு வருஷமாக அவனுக்கு இசை இல்லை. அந்த வாரமே உங்கள் நிபுணர் எங்களுக்கு அன்பான ஆலோசனை ஒன்றும் அனுப்பினார்: முன்னேற்றம் வேகமாக இருக்க, வீட்டில் கூடுமானவரை ஆங்கிலத்தில் பேசவும்.

அன்றிரவு படுக்கையில் பையன் கேட்டான்: ‘அப்பா, நம்ம வீட்ல எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசலாமா? அப்புறம் நான் மியூசிக் கிளாஸ் போகலாம்ல?’

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் அப்பன் புலம்பல், பொறுத்துக்கொள்ளலாம்.

பதினான்கு பக்கப் படிவத்தில் ஒரு வரியை மாற்றுங்கள். ‘வீட்டில் பேசும் மொழி என்ன’ என்று கேட்பதற்குப் பதில், ‘பிள்ளைக்கு எத்தனை மொழி தெரியும்’ என்று கேளுங்கள். சோதனை வைப்பதாக இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வையுங்கள், லண்டனிலிருந்து வந்தவனுக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் தமிழ் வையுங்கள். ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகப் போகவேண்டாம், இந்த நாட்டிலேயே பயிற்சி பெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், பாடநூல் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கேட்டாலும் கட்டுவேன், பழகிவிட்டது. இசை வகுப்பை மட்டும் உடனே திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்புப் பையனின் நிரூபிக்கப்பட்ட தகப்பன்

பின்குறிப்பு: இரண்டாம் தவணையை நேற்றுக் கட்டினேன். ரசீது என் அப்பாவின் பெயருக்கு வந்திருக்கிறது, உரிய காலத்தில் செலுத்தியதற்கு அவருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறீர்கள். அவர் 2009இல் காலமாகிவிட்டார். பெயரைத் திருத்தி அனுப்பவும்.