அறத்துக்கும் ஆடித் தள்ளுபடி

ஆலை எரிந்தால் என்ன, சான்றிதழுக்கு நகல் இருக்கிறதே!

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சி பல்தியா டவுனில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்தது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சன்னல்களுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. ஆனாலும் குறை சொல்லக் கூடாது, ஆலையிடம் எஸ்.ஏ.8000 இருந்தது. தொழிலாளர் நலன், பாதுகாப்பு எல்லாம் திவ்யம் என்று உலகத்துக்கே சொல்லும் சான்றிதழ். வாங்கிச் சுமார் மூன்று வாரம்தான். கொடுத்தது இத்தாலிய நிறுவனம். நேரில் போய்ப் பார்க்கும் வேலையை அது உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் விட்டிருந்தது. பட்டன் கட்டுவதற்கு ஜாப் ஒர்க் உண்டென்றால், மனசாட்சிக்கு மட்டும் கூடாதா?

தீ வைத்தது பணம் பறிக்கும் கும்பல் என்று 2020-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கட்டும். கொளுத்தியவனுக்குத் தண்டனை கிடைத்தது, பூட்டுக்கு?

இப்படிப்பட்ட ஆலைகளிடம் ஆடை வாங்கும் பெரிய கம்பெனிகளின் தலைமையகத்தில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் நீடித்த வளர்ச்சிக்காரர்கள். சுவரில் மழைக்காடு, மேசையில் மூங்கில் பேனா. அடுத்த அறையில் கொள்முதல்காரர்கள். முதல் அறையிலிருந்து சப்ளையருக்கு அறுபது பக்கத்தில் அறம் வரும். இரண்டாவது அறையிலிருந்து ஒரு வரி வரும்: போன சீசன் விலையிலிருந்து கொஞ்சம் குறையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். உலகத்திலேயே மிகக் கெட்டியான சுவர் அதுதான் என்பேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது பழகிய கூத்து. நொய்யலில் சாயம் ஓடி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று விவசாயிகளே கதறினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. (ஆற்றைக் கெடுத்த நம் முதலாளிகளை நான் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை; அவர்கள் கணக்கு தனி.) கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் மறுபடி ஓடின. சுத்திகரிக்க, உப்பைப் பிரிக்க, கொதிக்க வைக்க, எல்லாவற்றுக்கும் காசு. பையர் வந்து பார்த்தார், புல்லரித்தார், படம் பிடித்துக்கொண்டார். பீஸுக்கு ரெண்டு ரூபாய் சேர்த்துக் கொடுங்க சார் என்றால் மட்டும் அவருக்கு வேறு நாட்டு விலைப்பட்டியல் ஞாபகம் வந்துவிடும்.

2020-இல் கொரோனா வந்தது. வங்கதேச ஆடை ஏற்றுமதியாளர் சங்கக் கணக்கில் சுமார் 300 கோடி டாலர் ஆர்டர்கள் ரத்தாயின, அல்லது நிறுத்தி வைக்கப்பட்டன. தைத்து முடித்த துணிக்கும் அதே கதி. ஒப்பந்தத்தில் 'தெய்வச் செயல்' என்று ஒரு ஷரத்து இருக்கிறதாம். அறுபது பக்க அறத்தில் தலைகாட்டாத தெய்வம் அங்கே தலைகாட்டியது. ஊர் சிரித்த பிறகு பலர் பணத்தைக் கொடுத்தார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 2013 ஏப்ரல் 23. டாக்காவை ஒட்டிய சாவாரில் ராணா பிளாசா, எட்டு மாடி. சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, கடைகளும் மூடின. மறுநாள் காலை, மேல் மாடி ஆடை ஆலைகளில் தைக்கிறவர்களை மட்டும் ஏறச் சொன்னார்கள். தயங்கியவர்களுக்குச் சம்பளப் பிடித்தம் என்று மிரட்டல். அன்றே கட்டடம் இடிந்தது. செத்தவர்கள் 1,134 பேர்.

வங்கிக்கு ஷிப்மென்ட் தேதி கிடையாது.