குவார்ட்டரும் கான்ட்டும்

டாஸ்மாக் கடை வாசலில் நின்று அறவியல் பேசினால் யாரும் அடிக்க வர மாட்டார்கள். ஆனால் வரிசையில் இடமும் விட மாட்டார்கள்.

பெந்தாம் கட்சிக்காரர்கள் கணக்கில் புலி. குடிப்பவருக்கு இன்பம் இவ்வளவு, கஜானாவுக்கு இவ்வளவு, கூட்டிப் பாருங்கள் என்பார்கள். அடகுக்குப் போன தோட்டை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டால் பேனாவில் மை தீர்ந்துவிடும்.

கான்ட், துரத்தி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதியவர். அவருக்கும் இங்கே குறை இருக்காது. குடி கேடு என்று பாட்டிலிலேயே அச்சடித்துவிட்டு, 2003 முதல் அரசே அதைச் சில்லறையில் விற்கிறது. இத்தனை நாணயமான வியாபாரியை வேறெங்கே பார்ப்பது?

அரிஸ்டாட்டில் நடுவழிக்காரர். குவார்ட்டருக்கும் ஃபுல்லுக்கும் நடுவில்தான் ஆஃப் இருக்கிறதே!

பாவம் ராஜாஜி, இந்தத் துணையெல்லாம் இல்லாமலே 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவை நிறுத்தினார். போன வருமானத்துக்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். மது திரும்பி வந்துவிட்டது. வரியும் போகவில்லை, அதன் வாரிசு இப்போது அந்த பாட்டில் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.