பைப் மாமா

பினாங்கில் தாமானுக்குத் தாமான் ஒரு பைப் மாமா உண்டு. அவரை ப்ளம்பர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ப்ளம்பர் நாலு முறை போன் போட்டாலும் வரமாட்டார். மாமா போன் போடாமலே வந்து நிற்பார். ப்ளம்பர் காசை வாங்கிக்கொண்டு ஒழுகலை அடைப்பார். மாமா ஒரு காசும் வாங்காமல், நமக்கு இருப்பதே தெரியாத ஒழுகலைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "சீக்கிரம் ஆளக் கூப்ட்டுப் பாத்துருங்க" என்று கிளம்பிவிடுவார். அன்று ராத்திரி தூக்கம் கெடுவது நமக்கு.

வயது எழுபதைத் தாண்டியிருக்கும். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்த காலத்தில் கையில் ஸ்பானரோடு உள்ளே போய், பராமரிப்புப் பிரிவிலேயே தலை நரைத்து வெளியே வந்த தலைமுறை. துறைமுகத்திலிருந்தும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தும் வந்த மாமாக்களும் உண்டு. வீட்டில் தமிழ், ஆபீஸில் மலாய், ஹார்டுவேர் கடையில் ஹொக்கியன். விலை பேசும்போது ஹொக்கியன் கொஞ்சம் உரக்க வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் தேடினால் கிடைக்கமாட்டார். சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், தரையில் விரித்த கித்தானுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏதோ கடைவீட்டை இடித்தபோது கழற்றிய பித்தளைக் குழாய் ஒன்றை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பித்தளைக்கு வாசனை உண்டா என்று கேட்டால், கேட்டவருடைய கல்வித் தகுதியையே சந்தேகிப்பார்.

புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டால் பால் பொங்குவதற்குள் வந்துவிடுவார். மற்றவர்கள் ஹாலில் பதித்த டைலைத் தடவிப் பார்த்து, சதுர அடி எத்தனை வெள்ளி என்று விசாரித்துக்கொண்டிருக்க, மாமா ஹாலைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"தம்பி, மீட்டர் எங்க இருக்கு?"

குளுகோரில் பழைய டெரஸ் வீடு ஒன்றை வாங்கிய இளம் தம்பதிக்கு இந்தக் கேள்வியின் பாரம் அப்போது தெரியவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் புல் மூடிக் கிடந்த மீட்டரைக் காட்டினார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தினார். வீட்டிலுள்ள அத்தனை குழாயையும் மூடச் சொன்னார். சமையல்காரர் அரிசி களைவதை நிறுத்தினார். ஐயர் செம்பைக் கீழே வைத்தார். "இந்தச் சின்னச் சக்கரம் இருக்குல்ல, இது நிக்கணும். நிக்கலேன்னா எங்கியோ போவுது." சக்கரம் நிற்கவில்லை. அவசரமில்லாமல், ஆனால் உறுதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "மீட்டருக்கு அந்தாண்ட ஒழுகினா தண்ணீர் வாரியம் பாத்துக்கும். இந்தாண்ட எல்லாம் உன் சொத்து," என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாழ்த்து மாதிரியே இருந்தது.

அடுத்தது கழிவறை. "பாப்பா, ரோஸ் சிரப் இருக்கா?" தாகத்துக்குக் கேட்கிறார் என்று அந்தப் பெண் பாலும் ஐஸும் போட்டு ஒரு டம்ளர் பாண்டோங் கலக்கிக் கொண்டுவந்தாள். மாமா அதையும் குடித்துவிட்டு, "இது எனக்கு. இப்போ பால் சேக்காம ரெண்டு கரண்டி குடு, அது ஃப்ளஷ் தொட்டிக்கு," என்றார். சிரப்பைத் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரத்துக்கு யாரும் உள்ளே போகக் கூடாது என்று கதவைச் சாத்தினார். வீட்டில் நாற்பது விருந்தாளி. அதில் சர்க்கரை வியாதிக்காரர்கள் எத்தனை என்று மாமா யோசிக்கவில்லை. கதவு திறந்தபோது கீழே கிண்ணத்தில் தண்ணீர் ரோஜா நிறத்தில் நின்றது. தொட்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் மூடி போய்விட்டது. சத்தமே இல்லாமல் ராப்பகலாக இறங்கிக்கொண்டிருக்கிறது. மாமாவின் முகத்தில் தெரிந்த திருப்தியை வீட்டுக்காரர் முகத்தில் தேடக் கூடாது.

சுவருக்குள் ஓடும் பைப் என்றால் அவருக்கு ஆகாது. புதுப் பாணி வீடுகளில் எல்லாவற்றையும் டைலுக்குள் புதைத்துவிடுகிறார்கள். "கண்ணுக்குத் தெரியாத பைப்ப யாருலா பாக்குறது?" என்பார் துக்கத்தோடு. அதற்கென்றே ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிறார். நுனியைக் குழாயிலோ சுவரிலோ ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். நாடி பார்க்கும் வைத்தியர் தோற்றார். தெரு ஓய்ந்த ராத்திரியில் தண்ணீர் வாரியத்து ஆட்கள் கோலை ஊன்றி ஒழுகல் தேடுவதும் இந்த முறையில்தான். குளுகோர் வீட்டிலும் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினார். "ஃபேன நிறுத்துங்க." நிறுத்தினோம். "டீவி." அதுவும். "அந்தக் கொழந்தைய…" என்று இழுத்தார். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அந்த அமைதியில் மாமா சுவரோரமாக ஒவ்வொரு சாணாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்று, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அது சாமி படம் மாட்ட ஒதுக்கிய இடம்.

சாவு வீட்டுக்கும் வருவார். அங்கேதான் அவருடைய பண்பாட்டுக்குச் சோதனை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூப்பிய கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தேவாரம் ஒலிக்கும். பெண்கள் அழுவார்கள். இத்தனைக்கும் நடுவில் பின்கட்டிலிருந்து ஒரு சன்னமான 'ஸ்ஸ்ஸ்' அவர் காதுக்கு மட்டும் கேட்கும். நாற்காலியில் ஒரு தரம் நெளிவார். இன்னொரு தரம் நெளிவார். கடைசியில் மூத்த மகனைத் தனியே அழைத்து, தோளை அணைத்து, "அப்பா நல்ல மனுசன் தம்பி. ஃப்ளஷ் நிக்கல. பதினாறாம் நாளைக்கு முன்னாடி பாத்துரு, கூட்டம் வரும்," என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பையன் அதன்பின் விம்மி அழுதது அப்பாவுக்காக மட்டும்தான் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பகை: பினாங்குத் தண்ணீரின் விலை. நாட்டிலேயே மலிவான தண்ணீர் என்று இந்த மாநிலம் பெருமைப்பட்டுக்கொண்ட காலம் நீண்டது. அப்போது வீடுகளுக்கு முதல் 20,000 லிட்டர் வரைக்கும் ஆயிரம் லிட்டர் 22 காசு. இந்தக் கணக்கு தெரியாமல், ஒரு பதினாறு வயதுப் பையனிடம் மாமா ஒருநாள் வகுப்பு எடுத்தார். வினாடிக்கு ஒரு சொட்டு, நாளைக்கு 86,400 சொட்டு, பெரிய சொட்டாக இருந்தால் 20 லிட்டர் தேறும், மாசத்துக்கு 600 லிட்டர்! பையன் கைப்பேசியில் தட்டிப் பார்த்து, "அங்கிள், பதிமூணு காசு," என்றான். வாஷர் மாற்ற வரும் ஆளுக்கு எண்பது வெள்ளி. மாமா அன்று தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

உண்மையில் இந்தப் பதிமூணு காசுதான் மாமாவை உண்டாக்கியது. தண்ணீர் பில் பயமுறுத்தியிருந்தால் ஊரே மீட்டரைப் பார்க்கும். அவருக்கு வேலை இருக்காது. பில் வந்தால் பிரித்துக்கூடப் பார்க்காத ஊரில், ஆளுக்கு நாளொன்றுக்கு 250 லிட்டருக்கும் மேல் கொட்டுகிற ஊரில், ஒரு ஆளாவது கவலைப்பட வேண்டாமா? 2024 பிப்ரவரியில் தீபகற்பம் முழுக்க வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் ஏறியபோது எல்லாரும் முணுமுணுத்தார்கள். மாமா வாயைத் திறக்கவில்லை. முகம் மட்டும் ஒரு வாரத்துக்குப் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் நிறுவனம் 2002இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது வாங்கிப்போட்ட பங்குகள் அவரிடம் உண்டு என்று சிலர் காரணம் சொன்னார்கள். அது அபாண்டம். பங்குக்காரர் என்றால் ஊர்த் தண்ணீர் ஒழுக ஒழுகச் சந்தோஷப்பட வேண்டியவர். இவர் சொந்த லாபத்தைத் தானே ஸ்பானர் போட்டு இறுக்குகிறவர்.

மாமாவோடு தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்தால் ஊர்த் தண்ணீர் வரலாறு முழுசும் வரும். வெள்ளைக்காரன் நீர்வீழ்ச்சித் தண்ணீரை டவுனுக்குக் கால்வாய் கட்டிக் கொண்டுவந்தது, 1962இல் ஆயர் ஈத்தாம் அணை, 1999இல் தெலுக் பஹாங் அணை, அதற்குப் பிறகும் பெரும்பகுதித் தண்ணீருக்குச் சுங்கை மூடாவை நம்பி இருப்பது, அதற்குக் கெடா காசு கேட்பது, அந்தத் தண்ணீர் கடலுக்கடியில் பதித்த பைப்பில் தீவுக்கு ஏறுவது. கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும். கடலுக்கடியில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்ற முடியாதே என்ற ஏக்கம்.

அவருடைய பொற்காலம் என்றால் 2024 ஜனவரி 10 முதல் 14 வரை. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகத் தண்ணீர் வெட்டு அறிவித்தார்கள். ஊர் வாளி வாங்க ஓடியது. மாமாவின் போன் ஓயவில்லை. "சமையக்கட்டுக் கொழா நேரா மெயின்லேர்ந்து வருது, அது மொதல்ல நிக்கும். பாத்ரூம் கொழா மேல இருக்குற தொட்டித் தண்ணி, அது கொஞ்ச நேரம் ஓடும். குளிக்கிறத நிறுத்திட்டுச் சோத்துக்கு எடு." தண்ணீர் திரும்பியபோது இன்னொரு சுற்று: "ஒடனே வாயில வைக்காத. வாசல் கொழாயத் தொறந்து விடு, காத்தும் கலங்கலும் போவட்டும், தெளிஞ்ச பொறவு உள்ள தொற." வருஷத்துக்கு ஒரு தரம் கூரைமேல் தொட்டியைக் கழுவு என்று அவர் சொன்னபோதெல்லாம் சிரித்தவர்கள், அந்த வாரம் ஏணி கேட்டு அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். மூடி உடைந்த தொட்டியில் ஒருவருக்கு ஏடிஸ் புழு கிடைத்தது. இன்னொருவருக்கு மூன்று வருஷத்துக்கு முன் காணாமல் போன இறகுப்பந்து.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். மோர் ஊற்ற ஆளுக்கு ஆள் போட்டி. ரப்பர் குழாயைக் குழாயில் மாட்டிக் கிளிப் இறுக்க மாமா ஒருவர்தான். காவடி எடுத்தவர் காலில் தண்ணீர் ஊற்றும்போதும் அவர் கண் கிளிப்பில்தான். மேலே 513 படி ஏறி முருகனைக் கும்பிட்டு இறங்குகிறவரிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டால், "இவ்ளோ ஒசரத்துக்குத் தண்ணி ஏத்துற பம்ப்பு எத்தன குதிர இருக்கும்?" என்பார்.

அவர் வீட்டில் எல்லாம் ஒழுங்கு, அதுதான் கஷ்டம். ஒவ்வொரு வால்வுக்கும் பெயிண்டில் நம்பர். ஸ்டாப் காக் துருப்பிடித்து இறுகிவிடாமலிருக்க மாசாமாசம் திறந்து மூடவேண்டும். குழாயை இறுக்கி மூடினால் "வாஷர் தேயும்", இலேசாக மூடினால் "சொட்டும்". நடுவில் இருக்கும் அந்த இடம் மாமாவின் கைக்கு மட்டுமே தெரியும். ஆளில்லாத அறைக் குளியலறையில் வாரத்துக்கு ஒரு டின் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் அடி வளைவு காய்ந்து சாக்கடை வாடை ஏறும். மாமி எண்ணெய்ச் சட்டியைத் தொட்டியில் கழுவக் கூடாது; காகிதத்தில் துடைத்து எறிய வேண்டும். அதெல்லாம் நியாயம்தான் என்று மாமியே ஒப்புக்கொள்வார். ஆனால் மாதத்தில் ஒரு நாள் ஜெலுத்தோங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், ஷவரை முழுக்கத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் குளித்துவிட்டு வருவார்.

அண்மைக் காலத்தில் மாமா சட்டமும் படித்துவிட்டார். அடுக்குமாடி வீடுகளில் கூரை ஒழுகினால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை, பழுது மேல்வீட்டில்தான் என்று 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. புகார் கொடுத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். 28ஆம் பாரத்தில் சான்று தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு விதி சொல்கிறது. இதை நகலெடுத்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். அண்ணன் மகள் வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈரம் என்றதும் உறையோடு போனார்.

வீடு ஆறாம் மாடி. மாமா ஏழாம் மாடிக்கு ஏறி, ஹொக்கியனில் சட்டம் பேசினார். அந்தச் சீனத்து ஆண்டி சண்டை போடவில்லை. கோப்பி ஓ கொடுத்து உட்கார வைத்து, தன் குளியலறைக் கூரையைக் காட்டினாள். அங்கேயும் ஈரம். இருவருமாக எட்டாம் மாடிக்குப் போனார்கள். ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் பிரிவு எண் என்னவென்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மேலே டார்ச் அடித்தார். அங்கேயும். ஒவ்வொரு மாடியிலும் சட்டம் சரியாகத்தான் இருந்தது. மூவருமாக ஒன்பதாம் மாடி ஏறியபோது கதவில் பூட்டு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில், சீனப் பெருநாளுக்குத்தான் வருவாராம். அதற்கு மேல் வானம்.

மாமா கதவில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி ஒரு நிமிஷம் கேட்டார். "உள்ள ஓடுது," என்றார். கீழே நிர்வாக அலுவலகத்தில் மூன்று வீட்டுக்கும் மூன்று புகார் எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினார். ஏழு நாள் எண்ணிக்கை அன்றே தொடங்குகிறது என்று அலுவலகப் பையனுக்குக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினார். அதுவரைக்கும் என்ன செய்வது என்று அண்ணன் மகள் கேட்டாள்.

"வாளி வை. பதினஞ்சு லிட்டருக்குக் கொறையாம, கைப்பிடி இரும்பா இருக்கணும். பிளாஸ்டிக் கைப்பிடி பிச்சிக்கும்."