பேசியே முடித்த 39 மணி நேரம்

கமாண்டோ, ஹெலிகாப்டர் எதுவும் இல்லாமல் பேசியே முடிந்த பணயக்கைதி விவகாரம் ஏதாவது உண்டா? (வாசகர், மதுரை)

உண்டு. அதனால்தான் பலருக்கும் நினைவில்லை. 1977 மார்ச் 9, வாஷிங்டன். பனெய் பிரித் என்ற யூத அமைப்பின் தலைமையகம், இஸ்லாமிய மையம், நகராட்சி அலுவலகமான டிஸ்ட்ரிக்ட் பில்டிங் ஆகிய மூன்று கட்டடங்களுக்குள் ஒரே நாளில் புகுந்தார்கள். வந்தவர்கள் 12 பேர், பிடிபட்டவர்கள் 149 பேர். முடிவுதான் பேச்சு. ஆரம்பம் ரத்தம்.

யார் இவர்கள்? யார் மேல் அவ்வளவு கோபம்? (வாசகி, நாகர்கோவில்)

ஹனஃபி முஸ்லிம்கள் என்று சொல்லிக்கொண்ட சிறு குழு. தலைவர் ஹமாஸ் அப்துல் காலிஸ், ஒரு காலத்தில் ஜாஸ் டிரம் வாசித்தவர். ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பில் பெரிய பொறுப்பில் இருந்து, பிறகு வெளியேறி, அதன் தலைவர் எலைஜா முகமதைத் தாக்கிக் கடிதங்கள் அனுப்பினார். 1973 ஜனவரியில் அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் அவர் வீட்டுக்குள் புகுந்து ஏழு பேரைக் கொன்றார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பிறந்து ஒன்பதே நாளான பேத்தியும் அதில் உண்டு. வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. அவருக்கு அது போதவில்லை. அவர் துக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கு என்ன செய்வார்கள்?

கோரிக்கை என்ன? கோடிகளா? (வாசகர், திருச்சி)

750 டாலர்! கொலை வழக்கு விசாரணையில் குற்றவாளிகளைப் பார்த்துக் கத்தியதற்காக அவருக்குப் போட்ட நீதிமன்ற அவமதிப்பு அபராதம் அது. அதைத் திருப்பித் தர வேண்டும். குடும்பத்தைக் கொன்றவர்களையும் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸைக் கொன்றவர்களையும் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும். நபிகள் நாயகத்தைப் பற்றிய ஒரு சினிமாவை நிறுத்த வேண்டும். அபராதம் திரும்பி வந்தது, படம் நின்றது. ஆட்களை மட்டும் யாரும் ஒப்படைக்கவில்லை.

அந்தப் படத்தில் அப்படி என்ன தவறு? (வாசகர், வாணியம்பாடி)

பார்க்காமலே எதிர்த்த படங்களின் பட்டியலில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுக்கலாம். முஸ்தஃபா அக்காட் இயக்கிய ‘தி மெசேஜ்’. நபிகளின் உருவம் அதில் இல்லவே இல்லை, குரல்கூட இல்லை. அவருடைய சிறிய தந்தை ஹம்ஸாவாக ஆண்டனி குவின் நடித்தார். நபிகளாகவே குவின் நடிக்கிறார் என்று புரளி கிளம்பிவிட்டது. இதே அக்காட்தான் பின்னாளில் ‘ஹாலோவீன்’ திகில் படங்களைத் தயாரித்தார். அவற்றுக்கு யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. 2005இல் அம்மான் ஹோட்டல் குண்டுவெடிப்பில் மகளோடு அவரும் இறந்துபோனார்.

போலீஸ் ஏன் உள்ளே பாயவில்லை? (வாசகர், சேலம்)

ஒரு கட்டடத்தில் பாய்ந்தால் மற்ற இரண்டிலும் என்ன நடக்கும் என்று யோசித்தார்கள். யோசிக்கிற போலீசுக்கு ஒரு சபாஷ்.

அப்புறம் யார்தான் முடித்தது? (வாசகி, தஞ்சாவூர்)

மூன்று தூதர்கள். எகிப்தின் அஷ்ரஃப் கொர்பால், பாகிஸ்தானின் சாஹிப்ஸாதா யாகூப் கான், ஈரானின் அர்தஷீர் ஸாஹெதி. முதலில் தொலைபேசியில் பேசினார்கள். பிறகு ஆயுதமில்லாமல் நேரில் போய், யூத அமைப்பின் கட்டடத்திலேயே, தரைத்தளத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். மாடியில் நூறு பேருக்கு மேல் சிறைபட்டிருக்க, கீழே காலிஸும் தூதர்களும் திருக்குர்ஆனை எடுத்து வைத்துக்கொண்டு கருணையைப் பற்றிப் பேசினார்கள். காலிஸுக்கு முதல் தடவையாகத் தன் பாஷையில் பேசுகிறவர்கள் கிடைத்தார்கள். எகிப்தும் இஸ்ரேலும் அன்றைக்கு இன்னும் சமாதானம் செய்துகொள்ளாத நாடுகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 11ஆம் தேதி விடிவதற்குள் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

பாகிஸ்தான் தூதரைப் பாராட்டுகிறீர்களே! (வாசகர், கோவை)

பாராட்டாமல்? பிறந்தது நம் உத்தரப்பிரதேசத்து ராம்பூரில். ராணுவத் தளபதியாகக் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தபோது, 1971இல் சொந்த மக்கள் மேல் படையை ஏவ விரும்பாமல் பதவியை விட்டவர். துப்பாக்கியின் எல்லை எது என்று தெரிந்தவர்.

ஈரான் தூதர்? (அதே வாசகர்)

ஈரான் மன்னர் ஷாவின் முன்னாள் மாப்பிள்ளை, விருந்துகளுக்குப் பேர்போனவர். 1979 புரட்சியில் வேலை போயிற்று. அதே ஆண்டு தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். அது 444 நாள் இழுத்தது.

அன்றும் டிவிக்காரர்கள் நேரலை நடத்தினார்களா? (வாசகர், புதுச்சேரி)

நடத்தினார்கள், நம் சேனல்களுக்குச் சளைக்காமல். நிருபர்கள் நேராகக் காலிஸுக்கே போன் போட்டுப் பேட்டி எடுத்தார்கள். ஒருவர் அவரை ‘பிளாக் முஸ்லிம்’ என்று சொல்லிவிட, அது தன் எதிரிகளின் பெயராயிற்றே என்று அவர் கொதித்து, கைதியைக் கொல்வேன் என்று மிரட்டி, மன்னிப்பு கேட்க வைத்தார். இதைவிட மோசம், கண்ணில் படாமல் ஓர் அறைக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குக் கயிற்றில் கூடை ஏறுவதை ஒரு டிவி நிருபர் சொல்லிவிட்டது. நல்லவேளை, துப்பாக்கிக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை.

அரசியல்வாதிகள் யாரும் மாட்டவில்லையா? (வாசகர், விருதுநகர்)

நகராட்சி உறுப்பினர் மாரியன் பாரிக்கு நெஞ்சில், இதயத்துக்குப் பக்கத்தில், குண்டு பட்டது. பிழைத்தார், அடுத்த ஆண்டு மேயர் தேர்தலில் ஜெயித்தார். குண்டுக்குச் சாயாதவரை 1990இல் போதைப்பொருள் விவகாரத்தில் ஹோட்டல் அறையில் எஃப்.பி.ஐ. பிடித்தது. 1994இல் மறுபடியும் மேயராகத் தேர்வானார். வாக்காளர்கள் எங்கும் ஒரே ஜாதி.

காலிஸை அன்றிரவே ஜாமீன் தொகைகூட இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்களாமே, இது அநியாயம் இல்லையா? (வாசகி, திருநெல்வேலி)

அநியாயம்தான், ஆனால் நூறு பேருக்கு மேல் அன்றிரவு அவரவர் வீட்டில் தூங்கினார்கள். அதுதான் பேரத்தின் விலை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதும் சரி. அதை மீறியிருந்தால் அடுத்த தடவை போலீஸ் பேச்சை எவன் நம்புவான்? அதே மாதக் கடைசியில் தொலைபேசியில் மிரட்டல் விட்டு மறுபடி உள்ளே போனார். 12 பேருக்கும் தண்டனை கிடைத்தது. காலிஸ் 2003இல் சிறையிலேயே இறந்தார்.

அப்படியானால் இது முழு வெற்றியா? (வாசகர், ஈரோடு)

இல்லை. டிஸ்ட்ரிக்ட் பில்டிங்கின் ஐந்தாம் மாடியில் லிஃப்டை விட்டு வெளியே கால் வைத்த வானொலி நிருபர் மாரிஸ் வில்லியம்ஸ், வயது 24, சுடப்பட்டுச் செத்தார். காயம்பட்ட காவலர் ஒருவர் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். வில்லியம்ஸ் இந்தச் சண்டையில் எந்தக் கட்சியும் இல்லை, செய்தி சேகரிக்க வந்தவர். அந்தக் கட்டடத்தின் பத்திரிகையாளர் அறைக்கு அவர் பெயரை வைக்க 2007 வரை ஆயிற்று.