பூட்டுக்கு ஒரு கார்

பிரிட்டனில், ஜப்பானிலிருந்து இறக்கிய 1995ஆம் ஆண்டு நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வைத்திருப்பவர்கள் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கோயில் கட்ட வேண்டும். 280 குதிரைத்திறன் வண்டியை யாரும் ஓட்டிவிடலாம், பூட்டுவதல்லவா கலை!

அவர்கள் முதலில் கேட்பது, வாகனப் பாதுகாப்புக் கருவிகளுக்குச் சான்றளிக்கும் ‘தாட்சம்’ அமைப்பின் முதல் வகைச் சான்று பெற்ற அலாரமும், வண்டியைக் கிளம்பவிடாத இம்மொபிலைசரும். இரண்டாம் வகை உதவாது. அதில் அலாரம் இல்லை, திருடனுக்குப் போரடிக்கும். இம்மொபிலைசர் இரண்டு மின்சுற்றுகளையாவது துண்டிக்கும். முப்பது வயது வயரிங் அந்தச் சேவையை எப்போதோ இலவசமாகத் தொடங்கிவிட்டது. என்ன செய்ய, அதற்குச் சான்றிதழ் இல்லை! பழைய உரிமையாளர் காகிதத்தைத் தொலைத்திருந்தால், தெருவையே எழுப்பும் அலாரமும் கோப்பில் ஊமைதான்.

அடுத்து டிராக்கர். ஓட்டுபவர் பையில் அடையாள டேக் இல்லாமல் கார் நகர்ந்தால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் பறக்கும். கூடவே ஸ்டியரிங் பூட்டு, கராஜ் பூட்டு. பிறகு, ஆண்டுக்கு இத்தனை மைல்தான் என்று ஒரு வரம்பு. தேவையே இல்லை, பூட்டுகளைத் திறப்பதற்குள் ஞாயிறு முடிந்துவிடுகிறது.

இத்தனை காவலர்களும் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துத் தீர்த்தார்கள். உரிமையாளர் மீட்பு லாரியை அழைத்தார். வந்தவர் சாவியும் கேட்கவில்லை, சான்றிதழும் கேட்கவில்லை; கொக்கி மாட்டி ஏற்றிக்கொண்டார். தனி பேட்டரியில் ஓடும் சைரன் அலறியது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. “நான்தான் அனுப்பினேன்” என்றார் உரிமையாளர், பெருமையாக.

அரை மணி கழித்து, அவர் அழைத்திருந்த லாரி வந்து சேர்ந்தது.