மேயரும் லத்தியும்

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்டதே, இனி போலீஸ் மேயர் சொல்வதைக் கேட்குமா?
– ஒரு வாசகர், வடசேரி

கேட்கும், மேயர் புகார் எழுதிக்கொண்டு போனால்! அரசமைப்புச் சட்டப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1992-இன் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென அடுக்கிய 18 பணிகளிலும் போலீஸ் இல்லை. ஆனால் தீயணைப்பு இருக்கிறது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில்; தமிழ்நாட்டிலோ அது மாநில அரசுத் துறை. ஆகவே கடைக்குத் தொழில் உரிமம் தருவது ஒருவர், தீ பாதுகாப்புக்குத் தடையின்மைச் சான்று தருவது இன்னொருவர், வாசலில் நெரிசலைப் பார்ப்பது மூன்றாமவர். அசம்பாவிதம் நடந்தால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டலாம். 'லத்தியைக் கவுன்சிலரிடம் கொடுத்தால் வார்டுக்கு வார்டு கட்சிச் சண்டைக்கல்லவா உதவும்?' என்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஏவும் அதிகாரம் வேறு, கேள்வி கேட்கும் அதிகாரம் வேறு. லத்தி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மூன்று துறையும் மாதம் ஒருமுறை மாமன்றத்தில் வந்து கணக்குச் சொல்லட்டும்.

2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறித்த தீ, 'இது எந்தத் துறையின் கோப்பு?' என்று விசாரித்துவிட்டு வரவில்லை.