பெற்ற பிள்ளையிடமும் சொல்லாதவர்

பெற்ற பிள்ளையிடம்கூட ரகசிய எண்ணைச் சொல்லக் கூடாது என்பது இவர் கொள்கை. அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஏடிஎம்முக்குள் நுழைந்தால் பட்டன்களைக் கையால் மறைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு, அதற்கும் மேல் தானே கவிழ்ந்துகொள்வார். பிறகு நிமிர்ந்து, வாசலில் நிற்கும் மனைவியிடம் கத்துவார்: "ஏம்மா, நம்ம பெரியவன் பொறந்தது எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா?"

வரிசையில் நிற்பவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

பாஸ்வேர்டு என்றால் முருகன்123. மாற்றச் சொன்னால் முருகன்124. வங்கி, ரயில் டிக்கெட், கரண்ட் பில், மெயில் என்று ஆறு படை வீட்டுக்கும் ஒரே சாவி. ஓரிடத்தில் கசிந்த பாஸ்வேர்டைத் திருடர்கள் மற்ற இடங்களிலெல்லாம் போட்டுப் பார்ப்பார்கள் என்றான் மகன். 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் களவு போனதையும், அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456 என்பதையும் சொன்னான். "பாத்தியா, அவங்க யாரும் முன்னால சாமி பேரு போடல" என்றார் இவர்.

எல்லாவற்றையும் டைரியில் எழுதி, 'இது பாஸ்வேர்டு அல்ல' என்று தலைப்பிட்டு, பீரோவில் பூட்டியிருக்கிறார். சிரிக்க வேண்டாம், இவர் செய்கிற உருப்படியான காரியம் அதுதான். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனால் அந்த பீரோவைத் திறக்க முடியாது.

அதனால் போன் செய்தான். "சார், கேஒய்சி முடியல சார். இன்னிக்கு ராத்திரி உங்க அக்கவுண்ட் பிளாக் ஆயிடும் சார்." ஓய்வுபெற்ற பிறகு ஒரே மூச்சில் இத்தனை சார் இவர் கேட்டதில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வந்த ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்தார். 'எவரிடமும் பகிர வேண்டாம்' என்று கீழே இருந்ததையும் விடாமல் படித்தார். "ஆமா சார், எங்களைத் தவிர யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றது மறுமுனை.

"சரியாக் குறிச்சிக்கிட்டீங்களா தம்பி?"

விஷயம் தெரிந்ததும் மகன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்தான். உடனே அழைத்தால் போகிற பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு, பாதி நின்றது. அன்றே மெயிலுக்கு இரண்டடுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, "அப்பா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தையைச் சேர்த்து நீளமா வைங்க" என்றான்.

யோசித்து வைத்தார்: முருகன்வள்ளிதெய்வானைமயில்.

"சம்பந்தம் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"வள்ளிக்கும் தெய்வானைக்கும் என்னடா சம்பந்தம்? ரெண்டு பேரும் வேற வேற ஊரு."